கிக்கர் வண்டிக் கேள்விகள்: முப்பது உதைக்கும் மசியாத எஞ்சின்

கிக்கர் மட்டும் உள்ள கஸ்டம் வண்டிகளைப் பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இந்த முறை எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்தில் இருக்கும் சிக்கல் பலருக்கும் வரக்கூடியது என்பதால் அதற்கு நிதானமாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, என்னிடம் பழைய 500 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டி இருக்கிறது. செல்ஃப் கிடையாது, கிக்கர் மட்டும்தான். பாயிண்ட் இக்னிஷன், அதாவது சின்ன உலோக முனைகள் தொட்டுப் பிரிந்து பொறியை உண்டாக்கும் பழைய வகை. ஒரு வருடம் உழைத்து அதை பாபராக மாற்றினேன். பின்பக்க ஃபிரேமை வெட்டி ஒற்றை சீட், உயரமான ஹேண்டில்பார், குட்டை சைலன்ஸர், கூம்பு ஏர் ஃபில்டர், ஆக்ஸிலரேட்டர் பம்ப் உள்ள புது கார்புரேட்டர், சின்ன பேட்டரி, புது ஒயரிங். ஃபிரேமுக்குப் புது பெயின்ட். கிளட்ச் லீவர், டீகம்ப்ரஸர் லீவர் எல்லாவற்றையும் புது ஹேண்டில்பாருக்கு ஏற்றினேன். முன்பெல்லாம் இரண்டாவது கிக்கில் ஸ்டார்ட் ஆகும். இப்போது காலையில் முப்பது நாற்பது கிக் ஆகிறது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கி முறுக்கி அடித்தும் பிடிப்பதில்லை. ஆனால் தள்ளி ஸ்டார்ட் செய்தால் பத்தடியில் பிடித்துக்கொள்கிறது. பிளக்கைக் கழற்றினால் கறுத்து நனைந்திருக்கிறது. ஒரு மெக்கானிக் கார்புரேட்டர் என்கிறார், இன்னொருவர் பொறிக்கு வோல்ட்டேஜை ஏற்றித் தரும் காயில் என்கிறார். காயிலையும் மாற்றிவிட்டேன். நடந்த ஒரே நல்ல விஷயம், கிக்கர் முன்பைவிட லேசாக இறங்குகிறது. இனி எதைப் பார்ப்பது?

பதில்: தம்பி, நல்ல விஷயம் என்று நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரிதான் எனக்குக் கவலை தந்தது. எஞ்சினைப் பிரித்ததாக நீங்கள் எழுதவில்லை. அதே பிஸ்டன், அதே கிக்கர், அதே கால். அப்படியிருக்கும்போது கிக்கர் ஏன் லேசாக வேண்டும்? பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே அடைபட்ட காற்று எதிர்த்து நிற்கிறது. அந்த எதிர்ப்பைத்தான் கால் கனமாக உணர்கிறது. அது குறைந்துவிட்டது என்றால் காற்று எங்கோ வெளியே போகிறது என்று அர்த்தம்.

ஹேண்டில்பாரை உயர்த்தினீர்கள். ஆக்ஸிலரேட்டர், கிளட்ச் கேபிள்கள் எட்டாமல் போயிருக்கும், நீளமாக வாங்கி மாட்டியிருப்பீர்கள். டீகம்ப்ரஸர் கேபிளை மாற்றினீர்களா? லீவரை ஏற்றியதாக மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள். பழைய கேபிளே எப்படியோ எட்டிவிட்டது என்று விட்டிருந்தால், அது இப்போது வில்லில் கட்டிய நாண் மாதிரி விறைத்திருக்கும். அந்தக் கேபிளின் வேலையே எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்குவதுதான். நீங்கள் லீவரைத் தொடாதபோதும் அது வால்வை மயிரிழை தூக்கிப் பிடித்திருந்தால் கம்ப்ரஷன் ஒழுகும், கிக்கர் லேசாகும், எஞ்சின் பிடிக்காது.

தள்ளினால் பிடிப்பதும் இதோடு பொருந்துகிறது. ஒரு கிக்கில் கிராங்க், அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டு, இரண்டு மூன்று சுற்று சுற்றினாலே பெரிது, அதுவும் மெதுவாக. சின்ன ஒழுகல் இருந்தாலும் காற்று தப்பிக்க நேரம் கிடைக்கிறது. தள்ளும்போது எஞ்சின் வேகமாக, தொடர்ந்து சுற்றுகிறது. காற்று தப்புவதற்குள் பிஸ்டன் மேலே வந்துவிடும், பொறி விழும், பற்றிக்கொள்ளும். அதற்காக, தள்ளி ஓட்டியே சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை, மூடும்போது தான் அமரும் வளையத்தில் அழுந்தி உட்காரும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. உட்கார விடாமல் ஓட்டினால் வால்வின் விளிம்பு எரிந்துபோகும். இதைச் சரிபார்க்கும் வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. ஹேண்டில்பாரை முழுக்க இடதுபக்கம் திருப்பி டீகம்ப்ரஸர் லீவரை விரலால் ஆட்டுங்கள். வலதுபக்கம் திருப்பியும் ஆட்டுங்கள். இரண்டு பக்கமும் லீவர் நுனியில் சில மில்லிமீட்டராவது லூஸ் இருக்க வேண்டும். ஒரு பக்கம் லூஸ் இருந்து மறுபக்கம் இறுகினாலும் அது குறைதான். சந்தேகமே வேண்டாம் என்றால் கேபிளை எஞ்சின் தலைப்பக்கத்தில் கழற்றிவிடுங்கள். பிறகு கிக்கரைக் கையால் மெல்ல அழுத்துங்கள். பழைய கனம் திரும்பி வந்தால் குறை அகப்பட்டுவிட்டது. சரியான நீளத்தில் கேபிள் செய்து மாட்டிக்கொள்ளலாம்.

கேபிளைக் கழற்றிய பிறகும் லேசாகவே இருந்தால் டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியைப் பாருங்கள். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் முடிவில் மேலே நிற்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்ததாகக் கம்ப்ரஷன் மீட்டர். பிளக் துளையில் மாட்டி, ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து, முள் ஏறுவது நிற்கும் வரை கிக் அடியுங்கள். இந்த மாதிரி எஞ்சின்களில் 100 முதல் 150 பிஎஸ்ஐ வரை காட்டினால் நல்ல நிலை என்பேன். குறைவாக இருந்தால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். முள் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லை என்றால் வால்வு சரியாக உட்காரவில்லை.

சரி, பிளக் ஏன் நனைகிறது? அதற்குக் காரணம் நீங்கள் கிக் அடிக்கும் முறை என்று நினைக்கிறேன். உங்கள் பழைய கார்புரேட்டரில் பம்ப் இருந்திருக்காது. புதியதில் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை ஒவ்வொரு முறை முறுக்கும்போதும் அது பெட்ரோலை நேராக உள்ளே பீச்சியடிக்கும், எஞ்சின் சுற்றாவிட்டாலும் பீச்சும். முப்பது கிக்குக்கும் முறுக்கினால் முப்பது பீச்சு உள்ளே போயிருக்கும். பிளக் நனையாமல் என்ன செய்யும்?

இது எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய இடம், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். பம்ப் உள்ள கார்புரேட்டர் என்றால் எஞ்சின் ஆறியிருக்கும்போது கிக்குக்கு முன் ஒரு முறுக்கு, குளிர் அதிகமானால் இரண்டு. அத்தோடு கையை எடுத்துவிட வேண்டும். பம்ப் இல்லாமல், சோக் லீவரைத் தூக்கினால் தனித் துளை வழியாகக் கூடுதல் பெட்ரோல் வரும் வகை கார்புரேட்டர் என்றால் முறுக்கவே கூடாது. ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கும்போதுதான் எஞ்சின் பக்கம் உறிஞ்சும் சக்தி பலமாக இருக்கும், அந்த உறிஞ்சல்தான் சோக் துளையிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. கொஞ்சம் திறந்தாலும் உறிஞ்சல் விழுந்துவிடும், சோக் தூக்கியும் பயன் இருக்காது. ஒரே பழக்கம் ஒரு கார்புரேட்டரில் எஞ்சினை மூழ்கடிக்கும், இன்னொன்றில் பட்டினி போடும். கார்புரேட்டரை மாற்றினால் காலின் பழக்கத்தையும் கையின் பழக்கத்தையும் சேர்த்து மாற்றியாக வேண்டும்.

ஏற்கெனவே மூழ்கிய எஞ்சினுக்கு இப்படிச் செய்யுங்கள். பெட்ரோல் டேப்பை மூடுங்கள், சாவியை அணையுங்கள், சோக் வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை ஒரே முறை மெல்ல முழுக்கத் திறந்து அப்படியே பிடித்துக்கொண்டு ஐந்தாறு கிக். உள்ளே தேங்கியது வெளியேறிவிடும். பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து, முடிந்தால் புதிதாக ஒன்றை மாட்டி, முதலிலிருந்து தொடங்குங்கள்.

கிக் அடிப்பதற்கும் முறை இருக்கிறது. வலு இரண்டாம்பட்சம்தான், பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பது முதலில். கிக்கரை மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள், ஓர் இடத்தில் கல் மாதிரி நிற்கும். அங்கே டீகம்ப்ரஸரைப் பிடித்து, பிஸ்டன் உச்சியைச் சற்றே தாண்டும் அளவுக்கு மட்டும் நகர்த்துங்கள். லீவரை விடுங்கள். கிக்கரை மேலே வரவிட்டு, உச்சியிலிருந்து அடிவரை ஒரே வீச்சில் இறக்குங்கள். இப்படிச் செய்தால் அடுத்த கம்ப்ரஷன் வருவதற்குள் கிராங்கோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் கிட்டத்தட்ட இரண்டு சுற்று வேகம் எடுத்திருக்கும். யமஹா எஸ்ஆர் 400 வண்டி 1978இல் வந்ததிலிருந்து 2021இல் நிறுத்தப்படும் வரை கிக்கர் மட்டுமே வைத்து விற்கப்பட்டது. அதன் சிலிண்டர் தலையில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும், பிஸ்டன் சரியான இடத்துக்கு வந்ததும் அதில் அடையாளம் தெரியும். கிக் அடிக்கத் தெரியாதவர்கூட அந்த ஜன்னலைப் பார்த்து ஸ்டார்ட் செய்துவிடலாம். இடம்தான் முக்கியம் என்பதை அந்த ஜன்னலைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது.

உங்கள் பாபரில் ஃபுட்ரெஸ்ட்டை நகர்த்தினீர்களா, சைலன்ஸர் வளைவு கிக்கர் பாதையில் வருகிறதா என்று பாருங்கள். கிக்கர் கடைசி நாலு விரற்கடை இறங்காமல் எதிலாவது இடித்தாலும் சுற்று குறைந்துவிடும். சீட் தாழ்ந்துவிட்டதால் உட்கார்ந்தபடியே அடிக்கிறவர்களையும் பார்க்கிறேன். பெரிய ஒற்றைச் சிலிண்டருக்கு அது போதாது. எழுந்து நின்று உடல் எடையை இறக்குங்கள்.

இனி கரண்ட் பக்கம். காயிலை மாற்றியும் பயனில்லை என்கிறீர்கள். ஒயரிங்கும் ஃபிரேம் பெயின்ட்டும் புதிது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டும் சேரும் இடத்தில் நானே ஒருமுறை மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன். நான் முதன்முதலில் கட்டிய வண்டி அது, ஃபிரேமுக்கு நானே மூன்று கோட் கறுப்பு அடித்திருந்தேன். காலையில் நாற்பது கிக், மாலையில் நாற்பது கிக். காயில், கண்டென்சர், பிளக், கார்புரேட்டர் என்று வரிசையாக எல்லாவற்றையும் மாற்றினேன். ஒருநாள் இரவு சும்மா வோல்ட்மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் மேலும் மறு முனையை பேட்டரி மைனஸிலும் வைத்தேன். 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பேட்டரி மைனஸை ஃபிரேமில் முடுக்கியிருந்தேன், எஞ்சினும் ஃபிரேமில்தான் நிற்கிறது. ஆனால் எஞ்சின் போல்ட்டுகளுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே மூன்று கோட் பெயின்ட். எர்த், அதாவது பேட்டரிக்குத் திரும்ப வேண்டிய கரண்ட், வழியில்லாமல் தவித்திருக்கிறது. எஞ்சினிலிருந்து பேட்டரி மைனஸுக்கு நேராக ஒரு தடித்த ஒயர் போட்டேன். அன்று இரண்டாவது கிக்கில் பிடித்தது. அன்றிலிருந்து எந்தக் கஸ்டம் வண்டி என்னிடம் வந்தாலும் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் அந்த அளவைத்தான் முதலில் எடுக்கிறேன்.

நீங்களும் எடுங்கள். சாவி போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில், எஞ்சினின் பெயின்ட் இல்லாத இடத்துக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அதேபோல பேட்டரி பிளஸுக்கும் காயிலின் பிளஸ் முனைக்கும் நடுவே அளவெடுங்கள். அங்கே அரை வோல்ட்டைத் தாண்டினால் சாவி, கில் சுவிட்ச், ஒயர் முனை இவற்றில் எங்கோ கரண்ட் வீணாகிறது. பேட்டரியே 12.2 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். உங்கள் சின்ன பேட்டரி லித்தியம் வகை என்றால் கணக்கு வேறு. அதில் 12.8 காட்டினாலே பெரும்பகுதி காலியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பாயிண்ட் முகத்தைப் பாருங்கள். கருகிக் குழி விழுந்திருந்தால், கிக் அடிக்கும்போது அங்கே பெரிதாகத் தீப்பொறி பறந்தால், பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். இடைவெளி இந்த வகை எஞ்சின்களில் பெரும்பாலும் 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டிக்கு உரியதைப் புத்தகத்தில் உறுதி செய்யுங்கள். பிளக்கை வெளியே எடுத்து எஞ்சினில் தொடவைத்துப் பொறி பார்த்துவிட்டுக் கரண்ட் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். வெளிக்காற்றில் தாண்டுவது எளிது. சிலிண்டருக்குள் காற்று அழுத்தத்தில் இருக்கும்போது அதே இடைவெளியைத் தாண்ட பல மடங்கு வோல்ட்டேஜ் தேவை. வெளியே நீலமாகப் பளிச்சென்று, சத்தத்தோடு அடிக்க வேண்டும். மெலிந்து மஞ்சளாக வந்தால் உள்ளே வராது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும்போது பிளக்கைப் பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். துளை வழியே வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

கூம்பு ஃபில்டர், குட்டை சைலன்ஸர் இரண்டாலும் காற்று கூடியிருக்கும், மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் துளையான ஸ்லோ ஜெட் ஒரு அளவு பெரிதாகத் தேவைப்படலாம். அது கடைசி வேலை. பிளக் நனைவது நிற்கும் வரை ஜெட்டைத் தொடாதீர்கள். முதலில் கம்ப்ரஷன், பிறகு எர்த், பிறகு கிக் முறை. அது முடிந்து வண்டி நன்றாக ஓடிய பிறகு பிளக் நிறத்தைப் பார்த்து ஜெட்டுக்கு வாருங்கள். ஒருநாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைத் தாளில் எழுதி வையுங்கள். பழைய காயிலை எறிந்துவிடாதீர்கள். அது நல்லதாகவே இருக்கும்.

கேள்வி: என்னிடம் 1200 சிசி இரட்டைச் சிலிண்டர் சாப்பர் இருக்கிறது, நானே கட்டியது. கிக் அடிக்கும்போது சில நேரம் கிக்கர் திருப்பி அடிக்கிறது. போன வாரம் கணுக்கால் வீங்கி இரண்டு நாள் நடக்க முடியவில்லை. நான் எடை குறைந்த பெண் என்பதால்தான் இப்படி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா சார்?

பதில்: இல்லை சகோதரி. கிக்கர் திருப்பி அடிப்பது எஞ்சினின் குறை, உங்கள் எடையின் குறை இல்லை. நூறு கிலோ ஆளையும் அது தூக்கி எறியும்.

பொறி எப்போதுமே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால் விழுகிறது. பெட்ரோல் பற்றிப் பரவ நேரம் வேண்டும் அல்லவா, அதற்காக. எஞ்சின் வேகமாக ஓடும்போது பல பழைய எஞ்சின்களில் அது 30 டிகிரிக்கும் மேல் முன்கூட்டியே விழும். கிக் வேகத்தில் அவ்வளவு முன்னால் விழுந்தால், மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனை நெருப்பு வழியிலேயே மறித்துக் கீழே தள்ளிவிடும். கிராங்க் தலைகீழாகச் சுற்றும், அதோடு கோத்திருக்கும் கிக்கரும் உங்கள் காலும் சேர்ந்து மேலே போகும். இதற்காகவே கிக் வேகத்தில் பொறியைத் தாமதமாக, உச்சிக்குச் சில டிகிரி முன்பு மட்டும் விழும்படி வைத்து, வேகம் கூடக் கூட முன்னால் நகர்த்துகிறார்கள். சில பழைய வண்டிகளில் அதைக் கையால் நகர்த்த ஹேண்டில்பாரிலேயே லீவர் இருந்தது. ஓட்டுகிறவர் கிக்குக்கு முன் அதைப் பின்தள்ளிவிட்டுத்தான் காலை வைப்பார்.

உங்கள் வண்டியில் பாயிண்ட் இருந்தால் அதன் தட்டுக்குப் பின்னால் இரண்டு எடைக்கட்டிகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்தாலும் எடைக்கட்டி துருப்பிடித்து வெளிப்பக்கம் சிக்கிக்கொண்டாலும் டைமிங் எப்போதும் முன்னாலேயே நிற்கும். பாயிண்டைத் திறக்கும் கேமை விரலால் திருகி விடுங்கள், சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் கழற்றிச் சுத்தம் செய்து ஒரு சொட்டு ஆயில், ஸ்பிரிங் புதிது. அதன்பிறகு ஒரு பல்பை வைத்து, பாயிண்ட் எந்த அடையாளத்தில் திறக்கிறது என்று பார்த்து டைமிங் வையுங்கள். எலக்ட்ரானிக் இக்னிஷன் என்றால் அந்தப் பெட்டியோடு வந்த தாளில் கிக்கர் வண்டிக்கென்று தனி டைமிங் வளைவு இருக்கிறதா என்று தேடுங்கள். பல பெட்டிகளில் ஒரு சின்ன சுவிட்சைத் திருப்பினால் மாறிக்கொள்ளும். பேட்டரி வோல்ட்டேஜ் கிக் நேரத்தில் விழுந்தாலும் சில பெட்டிகள் தவறான நேரத்தில் பொறி விடும், அதையும் அளவெடுங்கள்.

அரைகுறை கிக்கும் திருப்பி அடிக்க வைக்கும். பாதியில் தயங்கும் கால்தான் அதிகம் அடிபடுகிறது, ஏனென்றால் உச்சியைத் தாண்டத் தேவையான வேகம் ஃப்ளைவீலுக்குக் கிடைப்பதில்லை. ஒருமுறை அடிபட்டவர்கள் பயத்தில் தயங்குவார்கள், தயங்குவதால் மறுபடி அடிபடும். அதனால் டைமிங்கைச் சரிசெய்து முடிக்கும் வரை கிக்கரைத் தொடாதீர்கள். கணுக்காலை மூடும் கெட்டியான பூட் இல்லாமலும் வேண்டாம். முட்டியை முழுக்க நீட்டி விறைக்காமல் கொஞ்சம் மடக்கியே வையுங்கள். கணுக்கால் இன்னும் வலித்தால் வண்டிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஆறிய எஞ்சின் இரண்டே கிக்கில் ஸ்டார்ட் ஆகிறது. ஓட்டிவிட்டு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து அடித்தால் இருபது கிக். அரை மணி விட்டால் மறுபடி சரியாகிவிடுகிறது. என்ன காரணம்?

பதில்: எஞ்சின் நின்ற பிறகு காற்று படாததால் சூடு மேலே ஏறுகிறது. கார்புரேட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகி உள்ளே தேங்குகிறது. நீங்கள் வழக்கம்போல முறுக்கினால் ஏற்கெனவே தேங்கியதன் மேல் இன்னும் ஊற்றுகிறீர்கள். சூடான எஞ்சினுக்கு சோக் வேண்டாம், பம்ப் முறுக்கும் வேண்டாம். ஆக்ஸிலரேட்டர் மூடியபடி இரண்டு கிக், பிடிக்காவிட்டால் முழுக்கத் திறந்து ஒரு கிக். பெரும்பாலும் இதிலேயே தீர்ந்துவிடும். கார்புரேட்டரையும் எஞ்சினையும் பிரிக்கும் தடித்த வெப்பத்தடுப்புத் துண்டைக் கஸ்டம் வேலையில் யாராவது தேவையில்லை என்று எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். அதைத் திரும்ப வைத்தாலே பாதிச் சிக்கல் போய்விடும்.

முறையை மாற்றியும் தீரவில்லை என்றால் சூட்டோடு சூடாகப் பொறியைச் சோதியுங்கள். ஆறியபோது நல்லதாக இருக்கும் காயில் சூட்டில் உள்ளுக்குள் விட்டுப்போகும். ஆறிய பிறகு ஓம் மீட்டரில் அளந்தால் எல்லாம் சரி என்றே காட்டும், அதனால்தான் பலர் இதில் ஏமாந்துபோகிறார்கள். காயிலை எஞ்சினுக்கு நடுவே, சிலிண்டர்களுக்கு இடையில் அழகுக்காக ஒளித்து வைத்திருந்தால் அங்கிருந்து எடுத்துக் காற்றுப் படும் இடத்துக்கு மாற்றுங்கள். அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

பொறியும் நன்றாக இருந்தால் டேப்பட். இடைவெளி மிகவும் குறைவாக வைத்திருந்தால் சூட்டில் வால்வு நீண்டு, முழுக்க மூடாமல் நிற்கும்.

கேள்வி: வண்டி மெலிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக பேட்டரியை எடுத்துவிட்டு கெப்பாசிட்டர் வைத்தேன். பகலில் ஸ்டார்ட் ஆகிறது, இரவில் ஆவதில்லை. இது எப்படி?

பதில்: இரவில் லைட்டைப் போட்டபடி கிக் அடிக்கிறீர்கள், அதுதான். கெப்பாசிட்டர் பேட்டரி மாதிரி சேர்த்து வைப்பதில்லை, ஒரு நொடியில் சின்னப் பகுதிக்கு மட்டும் தாங்கும். 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றிலிருந்து 3 ஆம்பியர் இழுத்தால் 12 வோல்ட்டும் 40 மில்லி நொடியில் தீர்ந்துவிடும். 35 வாட் ஹெட்லைட் ஒன்று கிட்டத்தட்ட அந்த 3 ஆம்பியரைக் குடிக்கிறது. ஒரு கிக்கில் சார்ஜிங் காயில் தரும் கொஞ்சத்தையும் பல்பு வாங்கிக்கொண்டால் இக்னிஷனுக்கு என்ன மிச்சம்? ஹெட்லைட், பின்லைட் இரண்டையும் அணைக்கத் தனி சுவிட்ச் வையுங்கள், எஞ்சின் பிடித்த பிறகு போடுங்கள். உங்களுக்கு என் சொந்த ஆலோசனை, சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன பேட்டரிக்கு இடம் பண்ணிவிடுங்கள். கெப்பாசிட்டரோடு நன்றாக ஓடும் வண்டிகளும் இருக்கின்றன. ஆனால் பேட்டரி இல்லாத வண்டியில் ஒயரிங்கில் சின்னக் குறை வந்தாலும் நடுவழியில் நிற்பீர்கள், அதுவும் இருட்டில்.

கேள்வி: இரண்டு மாதம் நிறுத்தி வைத்திருந்த பழைய வண்டியில் கிக்கர் கல் மாதிரி இருக்கிறது, இறங்கவே மறுக்கிறது. எஞ்சின் ஜாம் ஆகிவிட்டதா? ஏறி நின்று குதிக்கலாமா?

பதில்: குதிக்காதீர்கள். ஆயில் டேங்க் தனியாக உள்ள பழைய எஞ்சின் என்றால், நிறுத்தி வைத்த மாதங்களில் டேங்கில் இருந்த ஆயில் பம்ப்பைக் கடந்து மெல்ல மெல்ல கிராங்க் அறைக்குள் இறங்கியிருக்கும். ஃப்ளைவீல் இப்போது ஆயிலுக்குள் முங்கிக் கிடக்கிறது. ஆயில் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், மட்டம் வெகுவாக இறங்கியிருந்தால் இதுதான். கிராங்க் அறையின் அடிப்போல்ட்டைக் கழற்றி வடித்துவிட்டு, டேங்கில் புது ஆயில் ஊற்றுங்கள். வடிக்காமல் எப்படியோ ஸ்டார்ட் செய்துவிட்டால் அவ்வளவு ஆயிலும் மூச்சுக்குழாய் வழியாகவும் சீல்கள் வழியாகவும் வெளியே வரும்.

மட்டம் சரியாக இருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரைக் கையால் அழுத்திப் பாருங்கள். அப்போது சுற்றினால் எஞ்சின் ஜாம் ஆகவில்லை, வெறும் கம்ப்ரஷன்தான். பிளக் இல்லாமலும் சுற்றவில்லை என்றால் ரிங் சிலிண்டரில் துருவால் ஒட்டியிருக்கலாம். பிளக் துளை வழியாகத் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். ஒரு விரற்கடை அசைந்தால் போதும், மறுபடி எண்ணெய் ஊற்றிக் காத்திருங்கள். விடுபட்ட பிறகு ஊற்றிய எண்ணெயை வெளியேற்ற பிளக் இல்லாமல் பத்துப் பதினைந்து முறை கிக் அடித்து, எஞ்சின் ஆயிலையும் மாற்றிவிட்டு, அப்புறம் பிளக்கை மாட்டுங்கள்.